குட்டிப் பருவம் கடந்த நாயை நலமாக வைத்திருப்பது எப்படி?

குட்டியாக இருக்கும்போது ஊசி, பூச்சி மாத்திரை என்று மாதம் ஒருமுறை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கிழடானதும் மறுபடி ஓடுவோம். இடையில் ஒரு வயது முதல் ஏழு வயது வரை நாய் தின்கிறது, குரைக்கிறது, வாலாட்டுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். எட்டு வயதில் ஆடும் பல்லும், எழுந்து நிற்க முடியாத இடுப்பும், மூச்சு வாங்கும் பருமனும் இந்த ஆண்டுகளில்தான் மெல்லத் தொடங்கியிருக்கும்.

நாய் வலியை மறைக்கும். நொண்டும்போதோ தட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருக்கும்போதோ நோய் பாதி வழி வந்திருக்கும். அதனால் நோயின் அறிகுறிகளை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் நாய் நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அதிகம் உதவும்.

ஒரு பழைய நோட்டும் ஒரு தெர்மாமீட்டரும்

மாதம் ஒருமுறை எடை எழுதுங்கள். தூக்கக்கூடிய நாய் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பெரிய நாயை ஊசிக்குப் போகும்போது மருத்துவமனை மேடையில் நிறுத்திப் பாருங்கள். காரணமில்லாமல் 20 கிலோ நாய் இரண்டு கிலோ இறங்கியிருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. இரத்தப் பரிசோதனைக்கு அதுவே போதுமான காரணம்.

நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். குளிர்ந்த அறையிலும் தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்பது வெறும் நம்பிக்கை. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் நுழைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. நம் கணக்கில் அது காய்ச்சல் என்பதால்தான் பலர் பயந்துபோய் நாய்க்குப் பாரசிட்டமால் கொடுக்கிறார்கள். கொடுக்கவே கூடாது. அது கல்லீரலையும் சிவப்பணுக்களையும் தாக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற நம் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தட்டில் என்ன, எவ்வளவு

கருத்தடை செய்த, மிதமாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி ஏறக்குறைய இப்படி: 10 கிலோவுக்கு 630, 20 கிலோவுக்கு 1,050, 30 கிலோவுக்கு 1,400. எடை இரட்டிப்பானால் சாப்பாடு இரட்டிப்பாகாது என்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் இருக்கும். அப்படியானால் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம், இரண்டு வேளையாக. டம்ளரில் அள்ளிப் போடுகிறவர்கள் ஒரே ஒருமுறை சமையல் தராசில் 150 கிராம் எடுத்து அந்த டம்ளரில் கொட்டி, மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணளவு எப்போதும் கூடத்தான் போகும்.

வீட்டுச் சாப்பாடு தருகிறீர்கள் என்றால் முதல் பிரச்சினை தயிர் சாதம். பாலும் சோறும், தயிரும் சோறும் தின்றே வளரும் நாய்க்கு வயிறு நிறையும், புரதம் நிறையாது. முடி உதிர்ந்து, தொடைச் சதை கரைந்து, வயிறு மட்டும் உருண்டிருக்கும். 20 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு: எலும்பும் தோலும் இல்லாமல் வேகவைத்த கோழி 300 கிராம், குழைய வெந்த சோறு 300 கிராம், ஒரு முட்டை, கேரட், பீன்ஸ், பூசணி கலந்து வேகவைத்தது 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. மசாலா வேண்டாம், வெங்காயம் வேண்டாம். கோழியும் சோறும் மட்டும் பல மாதம் போனால் கால்சியம் குறையும், எலும்பு மெலியும். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டி சேருங்கள்; அதில் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி ஆகியவை இந்தத் தட்டில் போதாது. அவற்றுக்கு நாய்களுக்கான சத்துப்பொடி எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் தர வேண்டும்.

பிஸ்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண டீ பிஸ்கட் ஒன்றில் 20 முதல் 25 கலோரி. காலை டீயோடு நாலு, மாலை டீயோடு நாலு என்றால் 10 கிலோ நாய்க்கு அன்றைய தேவையில் கால் பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். தின்பண்டம் எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பழக்கத்தை விட முடியாத தாத்தா வீட்டில் இருந்தால் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த கேரட் துண்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாய்க்கு முக்கியம் அவர் கை.

மிஞ்சிய பிரியாணியைக் கொட்டுவது மூன்று ஆபத்தை ஒரே தட்டில் வைப்பது மாதிரி. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சிலாம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும். ஞாயிறு மதியம் ஆட்டுக் கொழுப்பைத் தின்றுவிட்டு ஞாயிறு இரவு வாந்தியும் வயிற்றுவலியுமாக வரும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாம்பார் சாதத்தில் சின்ன வெங்காயம் இருக்கிறது என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எத்தனை தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் வேறுபடுவதால் ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட், காப்பித் தூள், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ஆகியவையும் விஷமே. கோடையில் மாங்கொட்டை. உருட்டி விளையாடட்டும் என்று போட்டால் விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும்.

தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். கோடையில் இன்னும் கூடும். வெயிலும் காரணமில்லாமல், உணவும் மாறாமல், திடீரென்று இரண்டு மடங்கு குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ கருப்பையோ பேசுகிறது என்று பொருள்.

அளவு சரிதானா என்று விலா எலும்பு சொல்லும். உங்கள் கையை மேசைமீது தட்டையாக வைத்துப் புறங்கையைத் தடவுங்கள். விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட வேண்டும். மடக்கிய முஷ்டியின் விரல் முட்டிபோல் இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதைபோல் மெத்தென்று இருந்தால் பருமன். சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்துங்கள். ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அவற்றுக்கு இயல்பு. "நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அதற்காகக் கூடப் போட வேண்டாம்.

உண்ணி: எதிரி நாயின் மேல் இல்லை, சுவரில்

நம் தட்பவெப்பத்தில், வளர்ந்த நாயை அதிகம் படுக்க வைப்பது உண்ணிக் காய்ச்சல். நாயைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இரத்தம் குடித்துப் பட்டாணிபோல் வீங்கிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் விரிசலிலோ கதவுச் சட்டத்தின் இடுக்கிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். முட்டையிலிருந்து வரும் கடுகளவுக் குஞ்சும், அடுத்த பருவமும், வளர்ந்த உண்ணியும் ஒவ்வொரு முறையும் இரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போகும். நாய் கிடைக்காவிட்டால் பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டி, பொறுக்கி, மருந்தடித்து, பத்து நாளில் மறுபடி உண்ணி ஏறியதும் மருந்தைக் குறை சொல்வது இதனால்தான்.

நாய்க்கு இன்று இரண்டு வழி நன்றாக வேலை செய்கிறது. ஒன்று, வாய்வழி மாத்திரை: அஃபாக்சோலேனர் மாதம் ஒன்று, ஃபுளூராலேனர் 12 வாரத்துக்கு ஒன்று. ஃபுளூராலேனரைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். உண்ணி கடித்தபிறகுதான் சாகும். ஆகவே மாத்திரை கொடுத்த பிறகும் செத்த உண்ணி தென்பட்டால் அது தோல்வியில்லை. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். இன்னொன்று, ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. பிடரியில் முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முடியில் விட்டால் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. ஷாம்பு போட்டு, ஈரம் காயுமுன் சொட்டு விட்டு, மறுநாள் மழையில் நனையவிட்டு, மருந்து போலி என்பார்கள்.

மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலக்கி நாய்மேல் ஊற்ற வேண்டாம். கலவை சற்றுக் கூடினாலும் நாய் தள்ளாடி, எச்சில் வடித்து விழும். மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். மாட்டு ஐவர்மெக்டின் ஊசியும் கோலி போன்ற சில இன நாய்களுக்கு மூளையைத் தாக்கும் நஞ்சு.

அதே வாரத்தில் வீட்டையும் பாருங்கள். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள். சாக்குப் படுக்கையைக் கொளுத்துங்கள். துணி விரிப்பை வெந்நீரில் அலசிக் கொளுத்தும் வெயிலில் போடுங்கள். சுவருக்கான பூச்சி மருந்தை இடுக்குகளில் அடித்து, முழுக்க உலரும்வரை நாயை வேறு இடத்தில் கட்டுங்கள். பூனையும் இருக்கும் வீடு என்றால் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் பூனையைக் கொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் முட்டையில் இருந்தவையும் தீரும்.

தினமும் ஒருமுறை காது மடலின் உள்ளே, கால்விரல் நடுவில், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், வால் அடியில் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் கூர்நுனிச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் போட்டு மூடுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்குவது, காய்ச்சல், வெளுத்த ஈறு, வயிற்றில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம், டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சும் பார்ப்பார்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். கிருமி எலும்பு மஜ்ஜையில் தங்கி, மாதங்கள் கழித்து இரத்தமே ஊறாத நிலையில் திரும்பி வரும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவுக்கு மருந்தே வேறு. ஆகவே பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி வாங்குவது உதவாது.

ஊசியும் பூச்சி மாத்திரையும்

வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை, தேதி தவறாமல். சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கும் அந்தச் சான்று வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியின் காப்பும் ஓராண்டுதான்; மழைக்குத் தண்ணீர் தேங்கி எலி நடமாடும் பகுதி என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளைக் குட்டியில் ஒழுங்காக முடித்து முதல் ஆண்டின் ஊக்கி (பூஸ்டர்) ஊசியும் போட்டிருந்தால் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பது உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். இங்கே பல இடங்களில் ஆண்டுதோறும் கூட்டு ஊசியாகப் போடுகிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளியுங்கள்.

தெருநாய் கடித்தால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு ஊக்கி ஊசிக்குக் கொண்டுபோங்கள்.

குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அன்றைய எடைக்கு. மலத்திலோ வாலடியிலோ அரிசிபோல் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சியால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

வெயில்

நாய்க்கு உடம்பில் நம்மைப்போல் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நடையை ஆறரைக்குள் முடியுங்கள், மாலையில் தார் ஆறிய பிறகு போங்கள். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் காலை ஒன்பது மணிக்கே திணறும். அடர்ந்த முடி நாயை மொட்டையடிப்பதும் பிழை. அந்த முடியே வெயிலைத் தடுக்கும் கூரை.

நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம் என்றால் வெப்பத் தாக்கு. முதலில் குளிரவைத்துவிட்டுப் பிறகு வண்டி ஏற்றுங்கள். நிழலில் போட்டு வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மே மாத மதியத்தில் வெந்நீர். குழாயைத் திறக்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள், பானைத் தண்ணீர் நல்லது. ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். 103 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். பிழைத்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சிறுநீரகமும் இரத்த உறைவும் கெடுவது அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியும்.

பல், காது, நகம்

வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்பது பொய். ஈறு அழுகுகிறது என்று அர்த்தம். நாய்க்கான பற்பசையில், மென்தூரிகையால், கன்னப் பக்கத்துப் பற்களின் வெளிப்புறத்தை மட்டும் தினமும் அரை நிமிடம் தேய்த்தால் போதும். முதல் வாரம் விரலில் துணி சுற்றிப் பழக்குங்கள். நம் பற்பசை வேண்டாம். அது விழுங்குவதற்கு ஆகாது. கடிக்கக் கொடுக்கும் எதிலும் உங்கள் நகம் பதிய வேண்டும். பதியாத கெட்டி எலும்பு மேல்கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும்.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவது முக்கியம். லாப்ரடாரின் உள்முடி ஈரமாகவே இருந்தால் பூஞ்சையும் புண்ணும் வரும். காதில் புளித்த வாடையும் பழுப்பு அழுக்கும் இருந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யும் திரவத்தை விட்டு, காதடியைப் பிசைந்து, நாய் தலையை உதறிய பின் பஞ்சால் துடையுங்கள். காது குடையும் குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நகம் நீண்டுவிட்டது. நுனியை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். கறுப்பு நகத்தில் வெட்டிய முகத்தின் நடுவே கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். முன்காலின் உள்பக்கம் தரையில் படாத பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கும், அதை மறக்க வேண்டாம். வழுக்கும் தரையில் நாய் ஓடும் வழியில் ரப்பர் விரிப்போ சணல் பாயோ போட்டால் இடுப்பு மூட்டு உங்களை வாழ்த்தும்.

சங்கிலியும் சலிப்பும்

நாள் முழுக்க கேட்டருகே கட்டிக் கிடக்கும் நாய் காவல் காப்பதில்லை. போவோர் வருவோரைப் பார்த்துப் பித்துப் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு 30 முதல் 60 நிமிடம் நடை, அதில் பாதி அதன் மூக்கு இழுக்கும் வழியில். மோப்பம் பிடித்து நின்றால் இழுக்காதீர்கள், அதுதான் அதற்குச் செய்தித்தாள். ஒரு வேளை உணவைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள், அல்லது இட்லித் தட்டின் குழிகளில் போட்டு மேலே பந்துகளை வைத்துவிடுங்கள். இருபது நிமிட மோப்பம் ஒரு நல்ல ஓட்டத்துக்குச் சமமாகக் களைக்கவைக்கும்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். வெறும் மயக்க மாத்திரை உடம்பைக் கட்டிப்போடுமே தவிர பயத்தைக் குறைக்காது. பயத்தைக் குறைக்கும் மருந்து வேறு உண்டு. அன்று மாலை நாலு மணிக்கே நடையை முடித்து, உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தோடு விடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். ஓடிப்போகும் நாய்கள் அன்றிரவுதான் அதிகம்.

கருத்தடை

குட்டி வேண்டாம் என்பது மட்டும் காரணமில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். நிறையத் தண்ணீர் குடிப்பதும், சோர்வும், பின்பக்கம் வடிவதும் அடையாளம். கருப்பை வாய் மூடியிருந்தால் வடியாது, அது இன்னும் மோசம். அவசர அறுவைதான் வழி. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் ஆண், பெண் இரண்டுக்கும் இணைசேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் ஊரில் சகஜம். இரத்தம் சொட்டினால் தீட்டு என்று விடாமல் காட்டுங்கள். வாராந்திர ஊசிகளில் பெரும்பாலும் குணமாகும்.

கருத்தடைக்குப் பின் பசி கூடும், தேவை குறையும். ஒரு மாதத்துக்குள் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

காலைவரை காத்திருக்கக் கூடாதவை

வயிறு உப்பி, வாந்தி வராமலே ஓக்காளமிடுவது. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரமே அவகாசம். சாப்பிட்டதும் ஓடவிடாமல் இருப்பதும், ஒரே வேளையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவதும் இதற்காகத்தான். சிறுநீர் கழிக்க முக்கியும் வராதது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, எலி மருந்து, பாம்புக்கடி இவையும் அப்படியே. பாம்பு கடித்த காலில் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். எலி மருந்து என்றால் டப்பாவையும் எடுத்துப் போங்கள், எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் மாற்று மருந்து.

இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, ஆட்டோவில் நாயை ஏற்ற எந்த ஓட்டுநர் சம்மதிப்பார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில், சென்னை வேப்பேரி, நாமக்கல் போல, கல்லூரி மருத்துவமனையின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். மென்துணியால் வாயைக் கட்டலாம். ஆனால் மூச்சு வாங்கும், வாந்தி எடுக்கும் அல்லது சப்பை மூக்கு நாய்க்கு வாயைக் கட்டாமல், தலையைச் சுற்றித் தடித்த துண்டை வளையமாகப் பிடித்துப் போர்வையில் கிடத்தித் தூக்குங்கள்.